அந்தப் படத்தில் இருப்பது நானில்லை

காலை ஷிப்டுக்கு உள்ளே நுழைந்தபோது டைம் ஆபீஸ் பக்கத்தில் ஒரே கூட்டம். போனஸ் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள் போல என்று நானும் எட்டிப் பார்க்கப் போனேன். கூட்டம் விலகி எனக்கு வழி விட்டது. எனக்கு அப்போதே சுருக்கென்றது. அந்தக் கம்பெனியில் யாரும் யாருக்கும் வழிவிட்டு நான் பார்த்ததில்லை.

நோட்டீஸ் போர்டில் ஒரு முழுத் தாளில் கலர் படம் ஒட்டியிருந்தது. படம் என்று சொல்வதே தப்பு. நீலம், பழுப்பு, கறுப்பு என்று வெறும் சதுரங்கள். வயர் கூடையில் பூப்போட்டுப் பின்னுவோமே, அந்த மாதிரி. தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், நீலக் கோட்டு போட்ட ஒரு பெண் ஏதோ கதவருகே நிற்பதுபோல் இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பும் கறுப்புமாக நாலைந்து கட்டங்கள்.

அடியில் டைப் அடித்து ஒட்டியிருந்தார்கள்: ‘கம்பெனிச் சொத்தைச் சேதப்படுத்தியவர்.’

"யாருடி இது?" என்று பக்கத்தில் நின்ற ஜோதியைக் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள்.

பின்னாலிருந்து யாரோ ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். "அக்கா, பாத்தா உங்களயாட்டவே இருக்குதுங்க்கா."

இந்த வாரம் சாந்தமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். தொடரை வாசிக்கும் சிலர், ‘கொஞ்சம் நல்லதையும் எழுதுங்களேன்’ என்று கடிதம் போட்டிருக்கிறார்கள். முடியவில்லை. இதைக் கோபத்தோடுதான் எழுத முடியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரக்கட்டையில் கட்டிய சாவி

தொடரை இன்றுதான் கையில் எடுப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் நான் காந்திபுரத்துக்கு அந்தப் பக்கம் கணபதியில் ஒரு பம்புசெட் மோட்டார் கம்பெனியில் வைண்டிங் வேலை பார்த்தேன். மோட்டாருக்குள்ளே இருக்கும் இரும்பு வளையத்தில் செம்புக் கம்பிச் சுருளைச் செருகிக் கட்டுகிற வேலை. எங்கள் பகுதியில் எல்லோரும் பெண்கள். சேலைக்கு மேலே கம்பெனி கொடுத்த நீலக் கோட்டு போட்டுக்கொள்வோம். பக்கத்திலேயே வார்னிஷ் காய வைக்கும் அடுப்பு. சித்திரை வெயிலில் அந்த வாசனையும் சூடும் தொண்டைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும்.

ஆனாலும் நாங்கள் தண்ணீர் குடிக்க மாட்டோம்.

பெண்களுக்கு என்று இருந்த ஒரே கக்கூஸ் முற்றத்தின் கோடியில், இரும்புக் கழிவு கொட்டி வைத்திருக்கும் இடத்தையும் தாண்டி இருந்தது. பெண்கள் அங்கே போய் நின்று ஊர்க்கதை பேசுகிறார்கள் என்று யாரோ சொன்னதில் அதற்கு ஒரு பூட்டுப் போட்டார்கள். சாவி சூப்பர்வைசர் துரைசாமியின் மேசையில், ஒரு மரக்கட்டையில் கட்டிக் கிடக்கும். அவர் முன்னால் போய் நின்று கேட்க வேண்டும். ஒரு ஆம்பளையிடம், மற்ற ஆம்பளைகள் பார்க்க.

அவர் ஒருநாளும் கத்தியதில்லை. எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதானாலும் ‘ங்க’ போட்டுத்தான் தள்ளுவார்கள். "இப்பத்தானுங்க அம்மணி போய்ட்டு வந்தீங்க? சித்த பொறுங்க, பெல் அடிக்கட்டும்" என்பார். சிரித்த முகமாகத்தான் சொல்வார்.

எங்களில் பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. காய்ச்சலோடு டாக்டரிடம் போனால் அந்தம்மா எங்களைத்தான் திட்டுவார். "தண்ணி குடிக்க என்ன கேடு உங்களுக்கு?"

ஜோதி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. எனக்கு அடுத்த இருக்கை. மேட்டுப்பாளையத்துப் பெண். என் ஊரும் அதுதான் என்பதால் சேர்ந்த நாளிலிருந்தே என்னோடு ஒட்டிக்கொண்டவள். ஒருநாள் சாப்பாட்டு பெல்லுக்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து போய்ச் சாவி கேட்டாள். துரைசாமி போனில் பேசிக்கொண்டே கையைக் காட்டினார், இரு என்று. அவள் நின்றாள். அவர் பேசி முடிக்கவில்லை. நின்ற இடத்திலேயே ஆகிப்போயிற்று. காலடியில் தரை நனைவதை லேத் பக்கம் நின்ற ஆண்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

அவள் அழக்கூட இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். நான் என் கோட்டைக் கழற்றி அவள் இடுப்பில் சுற்றிக் கட்டினேன். அப்புறம் துரைசாமி மேசைக்குப் போனேன்.

"ஏனுங்க, உங்க ஊட்டுப் பொம்பளைங்களுக்கும் இப்படித்தான் கட்டையில சாவி கட்டித் தொங்க உட்டிருக்கறீங்களா?" என்று கேட்டேன். கம்பெனி முழுக்கக் கேட்கிற மாதிரித்தான் கேட்டேன்.

அதற்கு ஒரு வாரத்துக்குள் யாரோ அந்தப் பூட்டை உடைத்துவிட்டார்கள். கொண்டியோடு பெயர்ந்து கழிவுக் குவியலில் கிடந்தது.

நான் உடைக்கவில்லை. உடைத்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் அவள் நல்லா இருக்கட்டும்.

சின்ன முதலாளியின் கேமரா

முதலாளியின் மகன் அமெரிக்காவில் படித்துவிட்டு அந்த வருசம்தான் திரும்பியிருந்தார். நாங்கள் சின்ன முதலாளி என்போம். ஃபிலிம் போடாத கேமரா ஒன்று கொண்டு வந்திருந்தார். செங்கல் மாதிரி கனமாக இருக்கும். ஃபிலிமுக்குப் பதிலாக அதற்குள்ளே கம்ப்யூட்டர் பிளாப்பியைச் செருகுவார். எடுத்த உடனே முதுகுப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடியில் படம் தெரியும்.

அதை அவர் முதல்முதலாக வைண்டிங் பகுதிக்குக் கொண்டுவந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்களை வரிசையாக நிறுத்தி எடுத்துவிட்டு அங்கேயே காட்டினார். நாங்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு பார்த்தோம். "கழுவாமயே படமுங்களா!" என்று ஜோதி கேட்டதற்கு அவரும் சிரித்தார். நல்ல பையன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

படத்தைப் பெரிசாக்குவது பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. அதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா மேட்டுப்பாளையம் மண்டியில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கியவர். திடீரென்று போய்விட்டார். தனியாக அவர் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. ஆயுத பூஜைக்கு மண்டி வாசலில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி எடுத்த குரூப் போட்டோவில் மட்டும், கடைசி வரிசை ஓரத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு நின்றுகொண்டிருந்தார். ஸ்டுடியோக்காரர் நெகட்டிவைத் தேடி எடுத்து, அந்தத் தலையை மட்டும் சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிசாக்கிக் கொடுத்தார். கொஞ்சம் மணல் தூவின மாதிரி இருந்ததே தவிர, முகம் அப்படியே அப்பா. இடது புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பு, சவரம் செய்யாத தாடை, சட்டைக் காலரில் கிழிசல். குரூப் போட்டோவில் இதெல்லாம் எங்கள் கண்ணுக்கே தெரிந்ததில்லை.

அதனால் ஒரு படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நிறைய ஒளிந்திருக்கும், பெரிசாக்கப் பெரிசாக்க அது வெளியே வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நான் மட்டுமில்லை, எங்கள் கம்பெனியில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். சின்ன முதலாளியும் அப்படி நம்பினாரா, நம்புவதாக நடித்தாரா என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"கம்ப்யூட்டர் சொல்லுதுங்க"

நோட்டீஸ் போர்டைப் பார்த்துவிட்டு நான் கோட்டைக்கூட மாட்டவில்லை. நேரே மாடி ஆபீசுக்குப் போனேன். எனக்காகவே காத்திருந்த மாதிரி சின்ன முதலாளி எழுந்து நின்றார்.

"வாங்க மரகதம், உக்காருங்க" என்றார்.

"அதென்ன படமுங்க?"

பூட்டு உடைந்த அன்றைக்கு மத்தியானம், மாடி ஜன்னலிலிருந்து சும்மா கேமராவைச் சோதித்துப் பார்க்க முற்றத்தை ஒரு படம் எடுத்தாராம். பூட்டு உடைந்த சேதி வந்ததும் அது ஞாபகம் வந்து, கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாராம். திரையை என் பக்கம் திருப்பினார். முற்றம் முழுக்கத் தெரிந்தது. லாரி, ஷெட், கழிவுக் குவியல். அதற்கும் அப்பால் கக்கூஸ் கதவு. அதன் முன்னால் நீலமாக ஒரு பொட்டு. தீக்குச்சி மருந்து அளவுதான்.

"இதுதான் நானுங்களா?"

"நாஞ் சொல்லலீங்க மரகதம். கம்ப்யூட்டர் சொல்லுதுங்க. பெரிசு பண்ணிப் பாத்தப்ப எல்லாருமே உங்க பேரத்தான் சொன்னாங்க."

"எல்லாரும்னா யாருங்க?"

"துரைசாமி சொன்னாரு. உங்க பகுதிப் பொண்ணுகளும் சொன்னாங்களாமா."

எங்கள் பெண்கள் எல்லோருக்கும் அதே நீலக் கோட்டுதான். எல்லோருக்கும் கறுப்புத் தலைமுடிதான். இதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். விசாரணை முடிகிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று ஒரு காகிதத்தை நீட்டினார். கூடவே அந்தப் படத்தில் ஒரு பிரதி.

"தப்பா நெனச்சுக்காதீங்க" என்றும் சொன்னார்.

எப்படி நினைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

டியூப்லைட் வெளிச்சத்தில்

என் வீட்டுக்காரர் காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். சாயந்திரம் அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தார். டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார், கிட்டே கொண்டுபோனார், கையை நீட்டித் தள்ளிப் பார்த்தார். வாடிக்கையாளருக்குச் சேலையை விரித்துக் காட்டுவதுபோல ஒரு தடவை விரித்தும் பார்த்தார்.

"நிக்கற நெலையப் பாத்தா உன்னதாட்டத்தான் இருக்குது அம்மணி" என்றார். "இடுப்புல கையக் குடுத்துட்டு நிப்பியல்ல?"

"அது கையில்லீங்க. கட்டம்."

"கட்டமோ என்னமோ. செஞ்சிருந்தா எங்கிட்ட மட்டும் சொல்லிப்போடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

இந்த மனுசனுக்கு நான் பத்து வருசமாகச் சோறு போடுகிறேன். என் குரலை, என் நடையை, எனக்கு எப்போது கோபம் வரும் எப்போது தணியும் என்பதை எல்லாம் அறிந்தவர். நான் வாயால் சொல்வதை விட்டுவிட்டு ஒரு காகிதத்தை நம்புகிறார். நம்பிவிட்டு, செய்யாத காரியத்துக்கு மன்னிப்பும் தருகிறார்.

"நான் ஒடைக்கலீங்க."

"செரி, ஒடைக்கல. ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துப்போட்டு வேலைக்குப் போயேன். எதுக்கு வம்ப எச்சா இழுத்துட்டு?"

இதில் இன்னொரு சங்கடம் இருந்தது. பூட்டை உடைத்தது தப்பு என்று நான் ஒரு நிமிசம்கூட நினைக்கவில்லை. என்றைக்கோ உடைத்திருக்க வேண்டிய பூட்டு அது. ஆனால் உடைத்தது நானில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் கேட்கிறவர்களுக்குக் குழப்பமாக இருந்தது. "அப்ப நீதான் ஒடைச்ச" என்றுதான் கொண்டுபோய் முடித்தார்கள்.

இந்த இதழ் வந்ததும் வீட்டில் முதலில் படிக்கப்போவது அவர்தான். படிக்கட்டும்.

காந்திபுரத்துக் கடை

அப்பா படத்தின் நினைவில், இன்னும் பெரிசாக்கினால் உண்மையான முகம் வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். மறுநாளே காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, துண்டுப் பிரசுரம் எல்லாம் அச்சடித்துத் தருவார்கள். குளுகுளுவென்று ஏசி. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு இளைஞர், கழுத்து வரை பட்டன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படத்தைக் கொடுத்து, "முகம் தெரியற அளவுக்குப் பெரிசு பண்ணித் தாங்க" என்றேன்.

அவர் அதை ஸ்கேனரில் வைத்துத் திரைக்குக் கொண்டுவந்தார். பெரிசாக்கினார். கட்டங்கள் பெரிசாயின. இன்னும் பெரிசாக்கினார். ஒரே ஒரு பழுப்புக் கட்டம் திரை முழுக்க நின்றது, காரை பூசிய சுவர் மாதிரி.

"முகம் எங்கீங்க?"

"இதுக்குள்ள முகமே இல்லீங்கக்கா" என்றார். "ஃபிலிம்னா பொடிப்பொடியா நெறைய இருக்கும், இழுக்க இழுக்க வரும். இந்தக் கேமரா எடுக்கறப்பவே இத்தனை புள்ளின்னு எண்ணித்தான் எடுக்குது. முழுப் படத்தையும் போஸ்ட்கார்டு அளவுக்குப் போட்டா ஜம்முனு இருக்கும். அதுக்கு மேல போனா கட்டம்தான் பெருசாகும். இல்லாதத எங்கிருந்துங்க கொண்டாறது?"

"அப்ப இது யாருன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்களா?"

"ஆளா தூணான்னே சொல்ல முடியாதுங்க. வேணும்னா ஒண்ணு பண்ணலாம், பாருங்க." ஏதோ இரண்டு தட்டுத் தட்டினார். கட்டங்களின் ஓரமெல்லாம் கரைந்து வழவழப்பாயிற்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரையில் ஒரு முகம் இருந்தது. கண் மாதிரி இரண்டு குழி, மூக்கு மாதிரி ஒரு மேடு. "இன்னும் கொஞ்சம் வேலை பண்ணா யாரு மூஞ்சி வேணும்னாலும் வர வெச்சுத் தர்றேன்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவருக்கு அது ஒரு வித்தை.

நான் கைகூப்பாத குறையாகக் கேட்டேன். "இப்ப எங்கிட்டச் சொன்னத விசாரணையில வந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?"

எந்தக் கம்பெனி என்று கேட்டார். பேரைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "ஐயோ, அவங்க கேட்லாக் எல்லாம் இங்கதானுங்கக்கா அடிக்கறாங்க. எங்களுக்கு எதுக்குங்க வம்பு?" என்றார். சொன்ன கையோடு திரையில் இருந்த படத்தை மூடினார்.

வெளியே வந்தேன். டவுன் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. விசயம் தெரியாதவர்கள் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார்கள், விசயம் தெரிந்தவருக்கு வம்பு வேண்டாம். நடந்தே வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தால் யார்மேலாவது பாய்ந்திருப்பேன்.

சுவரில் இருந்த எழுத்து

விசாரணை கம்பெனி மாடியிலேயே நடந்தது. விசாரணை அதிகாரி என்று ஆர்.எஸ்.புரத்திலிருந்து ஒரு வக்கீலைக் கூட்டி வந்திருந்தார்கள். கம்பெனி அமர்த்திய வக்கீல், கம்பெனி அறையில், கம்பெனி டீயைக் குடித்துக்கொண்டு, நடுநிலையாக விசாரிக்கப் போகிறார். எங்கள் கம்பெனியில் சங்கம் கிடையாது. எனக்காகப் பேச யாரும் வரவில்லை.

மேசைமேல் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிய கட்டப் படம். இரண்டாவது புதுசு. அதில் கட்டங்களே இல்லை, எல்லாம் வழவழவென்று கரைந்திருந்தது. கண் மாதிரி குழி, மூக்கு மாதிரி மேடு. எந்தக் கடையில் செய்தார்களோ.

"இது என்னங்க?" என்று கேட்டேன்.

"அதையே தெளிவுபடுத்தினதுங்க" என்றார் சின்ன முதலாளி.

குரலை உயர்த்தக் கூடாது என்று வீட்டிலிருந்தே மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். எல்லாம் பறந்துவிட்டது.

"சார், அந்தக் கக்கூஸ் கதவுக்குப் பக்கத்துச் சொவத்துல பெயிண்டுல எழுதியிருக்குதுங்க. ஒவ்வொரு எழுத்தும் மனுசத் தலை அளவு. என்ற மூஞ்சி தெரியற படத்துல அந்த எழுத்தும் தெரியோணுமல்ல? அதப் பெரிசு பண்ணிக் காட்டச் சொல்லுங்க. ஒரே ஒரு எழுத்தப் படிச்சுக் காட்டுங்க. நாந்தான் ஒடைச்சேன்னு இப்பவே கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

வக்கீல் சின்ன முதலாளியைப் பார்த்தார். சின்ன முதலாளி கொஞ்சமும் தயங்கவில்லை. கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து, சுவரைப் பெரிசாக்கினார். வெள்ளையும் நீலமுமாகக் கட்டங்கள். மேலே இரண்டு, கீழே மூன்று, நடுவில் ஒரு கறை.

சின்ன முதலாளி திரையில் விரலை ஓட்டிக்கொண்டு படித்தார். "பாதுகாப்பே... முதல்... கடமை."

படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் பொய்யே இல்லை. அவருக்கு உண்மையாகவே அந்த எழுத்துகள் தெரிந்தன. சின்ன வயதிலிருந்து அந்த முற்றத்தில் அந்தச் சுவரைப் பார்த்து வளர்ந்தவர். வெறும் சுண்ணாம்பைக் காட்டினாலும் படித்திருப்பார்.

"அது உங்களுக்கு மொதல்லயே தெரியுமுங்க!" என்று கத்தினேன். "படத்துல தெரியலீங்க! சார், இவரு படிக்கறதுக்கு முன்னாடி உங்க கண்ணுக்கு ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா? நெசத்தைச் சொல்லுங்க."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். "இப்பப் பாத்தா படிக்கற மாதிரித்தாம்மா இருக்குது" என்றார். "அதுவுமில்லாம வெறும் படத்த மட்டும் வெச்சு முடிவு பண்ணப் போறதில்ல. அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?"

"என்ற மேசையில. பக்கத்துல ஜோதி இருந்தா. அவளக் கேளுங்க."

ஜோதியைக் கூப்பிட்டார்கள். வயிறு நன்றாகத் தெரிந்தது. நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. வக்கீல் கேட்டார், அன்றைக்கு மத்தியானம் மரகதம் உன் பக்கத்தில் இருந்தாரா என்று.

"இருந்தாங்க..." என்றாள். எனக்கு மூச்சு வந்தது. அவள் கண் மேசைமேல் இருந்த வழவழப்பான படத்துக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. "நடுவுல எந்திரிச்சுப் போனாங்களாட்ட இருக்குதுங்க. எனக்குச் செரியா நெனப்பில்லீங்க."

"இந்தப் படத்துல இருக்கறது யாரு?"

"மரகதக்காவாட்டந்தானுங்க தெரியுது."

இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர்களும் அதையே சொன்னார்கள். டீ வந்தது. எனக்கும் ஒரு டம்ளர் வைத்தார்கள், மரியாதையாக.

வேலையிலிருந்து நீக்கி அன்றைக்கே காகிதம் தயாராயிற்று. "மனசுல எதும் வெச்சுக்காதீங்க மரகதம்" என்றார் சின்ன முதலாளி. நான் படியிறங்கி, கேட்டுக்குப் போகாமல் முற்றத்தின் கோடிக்கு நடந்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரைசாமி மேசையிலிருந்து பாதி எழுந்து நின்றார். கக்கூசுக்குள் போனேன். வெளியே வந்து கதவை மல்லாக்கத் திறந்து போட்டுவிட்டு, அந்தக் கம்பெனியை விட்டு வெளியேறினேன்.

ஜோதி வந்த நாள்

லேபர் கோர்ட்டில் நான் போட்ட வழக்கில் அவர்கள் வாய்தா வாங்கியே வருசங்கள் போயின. அதற்குள் நான் வீட்டு முன்னறையில் பழைய மோட்டார்களுக்குக் கம்பி மாற்றிக் கட்டிக் கொடுக்க ஆரம்பித்திருந்தேன். விவசாயிகள் வண்டியில் போட்டு எடுத்து வருவார்கள். கைக்கு வேலை இருந்தது, வயிற்றுக்குச் சோறு இருந்தது. கோபமும் இருந்தது.

ஒருநாள் வாசலில் நிழல் தட்டியது. ஜோதி. இடுப்பில் பெண் குழந்தை.

"அக்கா, உள்ள வரலாமுங்களா?"

தலையாட்டினேன். குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, செம்புக் கம்பியை அது பிடித்து இழுக்காமல் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்தேன். அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். கக்கூசுக்கு மறுபடி பூட்டுப் போடவே இல்லையாம். போட வேண்டும் என்று துரைசாமி சொன்னாராம், சின்ன முதலாளி பேசாமல் விட்டுவிட்டாராம். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், ஏதோ நல்ல சேதி கொண்டு வந்தவள் மாதிரி.

நான் வேலையை நிறுத்தவில்லை.

"அக்கா, நான் பொய் சொல்லலீங்க்கா" என்றாள். "யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல, மெரட்டல. நீங்க பக்கத்துல உக்காந்திருந்தது மொதல்ல நல்லா நெனப்பு இருந்துதுங்க. கம்பிய வெட்டறதுக்கு எங்கிட்ட இருந்து கத்திரிகூட வாங்கினீங்க. அந்தப் படத்தப் பாக்கப் பாக்க அது மறைஞ்சுபோச்சுங்க. நீங்க அங்க நிக்கறதுதான் கண்ணுல தெரிஞ்சுது. இப்ப ரெண்டு மூணு மாசமாத்தான் அந்தக் கத்திரி திரும்ப நெனப்புக்கு வருது. தூக்கமே வரலீங்க்கா."

அவள் அழுதாள். குழந்தை பிஸ்கட்டை வாயில் வைத்தபடி அவளை நிமிர்ந்து பார்த்தது.

"எம்மேல கோவமுங்களாக்கா?"

"ஆமா" என்றேன். "மூணு வருசம் எம்பக்கத்துல உக்காந்திருந்த. துரைசாமிய எனக்குத் தெரியும், அவன் வேணும்னே சொன்னான். அவன்மேல இருக்கற கோவம் வேற. நீ பொய் சொல்லியிருந்தீன்னாக்கூட எனக்கு இத்தன கோவம் வந்திருக்காது ஜோதி. பொய் சொல்றவளுக்கு நெசம் என்னன்னாச்சும் தெரிஞ்சிருக்கும்."

அவளுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நான் சுருளைச் செருகிக்கொண்டே இருந்தேன்.

"வாரனுங்க்கா" என்றாள்.

போய்ட்டு வா என்று யார் வாசலிலும் யாரும் சொல்கிற வார்த்தைதான். எனக்கு வரவில்லை. அவள் தெருமுனை திரும்பும் வரை செருப்புச் சத்தம் கேட்டது.